வெளிச்சவீட்டுக்காரியின் குரல்

முதல் அத்தியாயத்தில் மலையைப் பிளக்கிற பெண், கடைசி அத்தியாயத்தில் வேர்வை துடைக்கிற துவாயும் கையுமாக ஓரத்தில் நின்று கதாநாயகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பாள். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்தே எனக்கு இருக்கிற கோபம் இது. இடையில் அவளுக்கு என்ன நடந்தது? கை முறிந்ததா, வாளைத் தொலைத்தாளா? ஒன்றுமில்லை. பொடியனுக்குப் புதிதாக ஒரு சக்தி கிடைத்துவிட்டது. அதோடு இவளுடைய வேலை முடிந்துவிடுகிறது. இனி அவனுக்காக அழுவதும், அவன் காயத்துக்கு மருந்து கட்டுவதும்தான் மிச்சம்.

அடுத்த கோபம் காற்றின் மேல். ஜப்பான்காரர் வரைகிற காற்றுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடையைத் தவிர வேறு சோலி இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நானும் திருகோணமலைக் கடற்கரை றோட்டால் நடந்து வேலைக்குப் போகிறவள்தான். தலைமயிர் வாய்க்குள் போகும், மண் கண்ணுக்குள் போகும். அந்தப் படங்களில் பொடியன்களுக்கு வடிகிற மாதிரி, என்னைப் பார்த்து ஒருவருக்கும் இதுவரை மூக்கால் இரத்தம் வடிந்ததில்லை. ஆயிரம் வயது என்று சொல்லிக்கொண்டு சின்னப்பிள்ளையின் முகத்தையும் உடம்பையும் வரைந்து வைத்திருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். அதற்கு யார் என்ன நியாயம் சொன்னாலும் எனக்குக் காது கேட்காது.

நாற்பது தாண்டிய பெண் என்றால் ஒன்றில் சூனியக்காரி, இல்லையென்றால் செத்துப்போன அம்மா. கூந்தலைத் தளர்வாகக் கட்டி ஒரு பக்கத் தோளுக்கு முன்னால் போட்டிருக்கிற அம்மாவைக் கண்டால் தங்கச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பாவம், மனிசி கனகாலம் இருக்காது.

"இவ்வளவு திட்டிக்கொண்டு பிறகேன் பாக்கிறாய்?" என்று எங்கள் அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. அம்மா பார்க்கிற இந்திய நாடகங்களில் ஒரு பெண் தேத்தண்ணி போடுவதற்கும் இடி முழங்கவேண்டும். நான் பார்க்கிற தொடர்களில் நல்லது என்று சிலது இருக்கிறது. அவற்றில் ஒரு பெண் வேலை முடிந்து வருவாள், சப்பாத்தைக் கழற்றுவாள், யன்னலடியில் இருப்பாள், மழை பெய்யும். அவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பாமசியில் நாள் முழுக்க நின்று, மற்றவர்களின் இருமலையும் வயிற்றுக்குத்தையும் கேட்டுவிட்டு வருகிற எனக்கு அது போதும். பெண்பிள்ளைகள் வாய் நிறையச் சாப்பிடுவதை அவர்கள் மாதிரி ஆசையாக வரைகிறவர்களும் இல்லை. எங்கள் ஊர்களில் பெண் சாப்பிடுவதை அப்படி நின்று பார்த்தவர் யார்?

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டபோது தங்கச்சிதான் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாள். ஒரு போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, இருவரும் குப்புறப் படுத்துப் பார்ப்போம். தமிழில் குரல் கொடுத்தவை சிலதும் கிடைத்தன. அவற்றால் எனக்கு இன்னொரு கோபம் வந்தது. ஜப்பான் மொழியில் அந்தப் பெண் எப்படிக் கதைத்தாலும் தமிழில் அவளுக்குக் கீச்சுக்குரல்தான். படைத்தளபதியாக இருந்தாலும் கீச்சு, வைத்தியராக இருந்தாலும் கீச்சு. கெட்டவளுக்கு மட்டும் கனத்த குரல். நல்ல பெண்ணுக்குத் தொண்டை சின்னதாக இருக்கவேண்டும் என்று யாரோ எங்கோ முடிவு கட்டியிருக்கிறார்கள்.

இதை நான் வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. என் தங்கச்சிக்குக் கனத்த குரல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாதா கோயில் பாடற்குழுவில் அவளைக் கடைசி வரிசையில் விட்டு, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். இப்போது ஒரு கூரியர் கந்தோரில் போன் எடுக்கிற வேலை. "தம்பலகாமம் றோட்டில யானை நிக்குதாம், இண்டைக்குப் பார்சல் வராது" என்று அவள் சொன்னால், மறுபக்கத்தில் "சரி தம்பி" என்பார்கள். அவள் திருத்துவதில்லை. கலியாணப் பேச்சு ஏதும் போனில் வந்தால் அம்மா பக்கத்தில் நின்று கையால் காட்டுவார், மெல்லக் கதை, மெல்லக் கதை என்று. வீட்டில் என்னோடு மட்டும்தான் அவள் தன் குரலில் சிரிப்பாள்.

போன வருடம் ஒரு தொடர் பார்த்தோம். கடலோரப் பட்டினம் ஒன்றில் வெளிச்சவீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கதை. ஜப்பான் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் வெளிச்சவீட்டுக்காரி என்றே சொல்வோம். அகன்ற பாதம், தானே வெட்டிக்கொண்ட தலைமயிர், பேக்கரிப் பாண் ஒன்றை முழுதாகத் தனியே தின்று தீர்க்கிற பசி. காற்று அவளுடைய உடுப்பில் விளையாடவில்லை. துறைமுக அதிகாரிகளோடு முகத்துக்கு நேரே சண்டை பிடிப்பாள். ஜப்பான் மொழியிலும் அவளுக்குத் தாழ்ந்த, கனத்த குரல். முதல் வசனத்தைக் கேட்டதும் தங்கச்சி எழும்பி இருந்துவிட்டாள். நான் என் வாழ்நாளில் பார்த்த அனிமேப் பெண்களில் இவள்தான் முதலாவது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கதையின் நடுவில் ஒரு நாள், கடல் பின்வாங்குவதை அவள் மேலே நின்று காண்கிறாள். படிகளால் இறங்கி, தெருத்தெருவாக ஓடி, கத்தி எல்லோரையும் மேட்டுக்கு அனுப்புகிறாள். எங்கள் ஊருக்குச் சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. தங்கச்சி அப்பாவின் தோளில் தூங்கியபடி தப்பியவள்.

அந்தத் தொடருக்கு ஒரு ரசிகர் குழு தமிழில் குரல் கொடுக்கப் போகிறது என்று இணையத்தில் அறிவித்தார்கள். ஒவ்வொரு ஊரில் இருந்து ஆட்கள், எல்லோரும் ஆசைக்குச் செய்கிறவர்கள். தங்கச்சி எனக்கும் சொல்லாமல் தன் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டாள். எத்தனையோ வருடம் வாயை மட்டும் அசைத்தவள் தானாகவே எழும்பி நின்று கை உயர்த்திய முதல் தடவை அது. வெளிச்சவீட்டுக்காரியாக வரவேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட மாதிரி வேறொன்றுக்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

குழுவை நடத்துகிறவர் மதுரைப் பக்கத்து இளைஞர். மரியாதையான பிள்ளைதான். குரல் செய்தி ஒன்று வந்தது.

"சிஸ்டர், உங்க நடிப்பு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஹீரோயினுக்கு வாய்ஸ் கொஞ்சம் ஹெவியா இருக்கு. ஆம்பள வாய்ஸ் மாதிரி இருக்குன்னு டீம்ல சொல்றாங்க. கொஞ்சம் மெல்லிசா, ஸ்வீட்டா ட்ரை பண்றீங்களா? அந்தக் கத்துற சீன் மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இல்லன்னா இன்னொரு பொண்ணு ரெடியா இருக்காங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. தங்கச்சிக்கு ஏறவில்லை. அவள் அன்றிலிருந்து மெல்லிய குரலுக்குப் பழகத் தொடங்கிவிட்டாள். குசினியில், கிணற்றடியில், கண்ணாடிக்கு முன்னால். தொண்டைக்குள் கோழிக்குஞ்சு ஒன்று மாட்டிக்கொண்டது போல இருந்தது. அம்மாவுக்கு மட்டும் நல்ல சந்தோசம்.

வியாழக்கிழமை பின்னேரம் பதிவு செய்ய இருந்தோம். எங்கள் ஸ்டூடியோ அம்மாவின் பெரிய அலுமாரி. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டால் ஒரு ஆள் உள்ளே இருக்கலாம். சுற்றிவரச் சேலை தொங்குவதால் எதிரொலி வராது. உள்ளே வேர்வையும் பாச்சா உருண்டை மணமும்தான். நான் வெளியே இருந்து காட்சியை ஓட்டவேண்டும். அவள் உள்ளே இருந்து கத்தவேண்டும். கத்தினாள், கோழிக்குஞ்சுக் குரலில். திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் அதுதான்.

"அவள் ஊரைக் காப்பாத்தப் போறாளோ, ஐஸ்பழம் கேக்கப் போறாளோ?" என்றேன்.

"அவையள் இப்பிடித்தான் கேக்கினம். எனக்குக் கிடைக்கவேணும், அக்கா."

"கிடைச்சு? அது வெளிச்சவீட்டுக்காரி இல்லை. நீயுமில்லை."

அவள் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள். மூஞ்சை சிவந்து, கண் கலங்கி, என் மேல் இருந்த கோபம் முழுவதையும் சேர்த்துத் தன் சொந்தக் குரலில் கத்தினாள்.

"கடல் வருது! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்கோ! கடல் வருது!"

இதுதான், இதேதான் என்று நான் கை தட்டிக்கொண்டிருந்தபோது வெளியே வாசல் படலைகள் அடிபடுகிற சத்தம் கேட்டது. யாரோ பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செருப்புச் சத்தம், மோட்டார்சைக்கிள் சத்தம், நாய்கள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க, ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுனாமி வந்து போன பிறகு எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் அதற்குள். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, ஆனால் அது இல்லாத வீடு இல்லை. அந்தப் பைகளோடுதான் ஓடினார்கள். அடுப்பில் கறியை விட்டுவிட்டு, குளித்த ஈரத்தோடு, பெரிய றோட்டுப் பக்கம் மேட்டை நோக்கி.

எல்லோரும் அந்தப் பக்கம் ஓட, ஒரு ஆள் மட்டும் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார். முன்வீட்டு ராத்தா; முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாவைச் சேர்ந்தவர், சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து குடியிருக்கிறார், ஓடருக்குத் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் அவித்துக் கொடுப்பவர். அவருடைய மகளைக் கடல் கொண்டுபோனது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் வாயால் அதைக் கேட்டதில்லை. மூச்சு வாங்க வாங்க அறைக்குள் வந்து, அலுமாரிக்குள் இருந்த தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா மகள், எழும்பு, வா."

"ராத்தா, கார்ட்டூன்... நடிப்பு... சும்மா கத்தினவள்" என்று நான் உளறினேன். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். கையை விட்டார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "தண்ணி கொஞ்சம் தாங்க" என்றார்.

நான் றோட்டுக்கு ஓடி, மேட்டில் நின்ற சனத்திடம் விசயத்தைச் சொல்லவேண்டி இருந்தது. அந்த ஓட்டத்தை எந்த எதிரிக்கும் விரும்ப மாட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "இதில விளையாட்டோ?" என்று ஒரு மனிசன் கேட்டார். அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மீன்கறி கருகி, சட்டியும் போய்விட்டது. சீனன்குடாவில் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கிய அப்பா, தன் ஒழுங்கை முழுக்கப் பைகளோடு சந்தியில் நிற்பதைக் கண்டு விறைத்துப்போனார். பிறகு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து தங்கச்சியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இனி இந்த வேலை வேண்டாம், பிள்ளை."

பதிவையும் கேட்டுப் பார்த்தோம். போனுக்கு மிகக் கிட்ட நின்று கத்தியதால் சத்தம் வெடித்து, ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது.

"மற்றப் பெட்டைக்கே குடுக்கட்டும்" என்றாள் தங்கச்சி. "இந்தக் குரல் ஆக்களை வெருட்டத்தான் சரி."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ராத்தா நிலத்தில் இருந்த இருப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, சொன்னால் ஒழுங்கை என்னை அடிக்கும். அலுமாரிக்குள் இருந்து கத்திய ஒரு குரலுக்கு ஒரு தெரு முழுக்க எழும்பியிருக்கிறது. எந்தக் கதாநாயகனுக்கு அப்படி எழும்பினார்கள்?

வெள்ளிக்கிழமை தங்கச்சி ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். தனியே போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ராத்தா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். "இரிங்க" என்று கதிரையைக் காட்டினார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு சொல்லவேண்டியதைச் சொன்னாள். கடைசியில், "இனி அது செய்யமாட்டன், ராத்தா. அவையளும் என்ர குரல் ஏலாதெண்டுதான் சொன்னவை" என்றாள்.

"ஏன் ஏலாதாம்?"

"ஆம்பிளைக் குரலாம். மெல்லிசா வேணுமாம்."

ராத்தா கையைக் கழுவினார். "எங்க, அந்தக் கார்ட்டூனக் காட்டுங்க பாப்பம்" என்றார்.

ஜப்பான் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து. ராத்தாவுக்கு இரண்டும் விளங்காது. அதனால் தங்கச்சி பக்கத்தில் இருந்து வெளிச்சவீட்டுக்காரியின் வசனங்களைத் தமிழில், அடங்கிய தொனியில் சொல்லிக்கொண்டு வந்தாள். மெல்லிய குரலில் சொல்ல அவளுக்கு நினைவு வரவில்லை. கடல் பின்வாங்குகிற இடம் வந்ததும் நான் போனை நிறுத்தப் போனேன். ராத்தா என் கையைத் தட்டிவிட்டார். முழுவதையும் பார்த்தார்.

"அப்ப, இந்தப் புள்ள சொல்லி ஊரு ஓடிட்டா?"

"ஓம், ராத்தா. எல்லாரும் தப்பிட்டினம்."

ராத்தா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நானும் அண்டைக்குக் கத்தினன், மகள். கடல நான்தான் முதல் கண்டன். தொண்டையில இருந்து காத்துத்தான் வந்திச்சு, சத்தம் வரல்ல. என்ட புள்ள வாசல்ல நிண்டு விளையாடிட்டு இருந்திச்சு, திரும்பிப் பாக்கல்ல." அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். "நேத்து உங்கட சத்தத்துக்கு எனக்குக் கால் தானா ஓடிச்சு. மெல்லிசாக் கத்தினா ஆரு மகள் ஓடுவாங்க? அவங்களுக்குச் சொல்லுங்க."

தங்கச்சி அழுதாள். நானும்தான். ராத்தா அழவில்லை. வட்டிலப்பத்துக்குச் சர்க்கரை கரைக்க நேரமாகிறது என்று எழும்பிப் போனார்.

சனிக்கிழமை காலையில் தங்கச்சி அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். "ஒரேயொருக்காக் கத்தவேணும், அப்பா. சொல்லிப்போட்டுக் கத்துறன்" என்றாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "எல்லா வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லு" என்றார்.

போனாள். ஒழுங்கையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு படலையாகத் தட்டி, "பின்னேரம் நாலு மணிக்கு நான் ஒருக்காக் கத்துவன், அது பொய், பயப்பிடாதேங்கோ" என்று சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால் பாதுகாவலர் மாதிரிப் போனேன். சிலர் முறைத்தார்கள். நடுங்கிய மனிசன் மட்டும், அந்த நேரம் தான் சந்தைப் பக்கம் போய்விடுவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, "கத்து பிள்ளை, நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறன்" என்றார். அதற்குத்தான் முதன்முதலாக எல்லோரும் சிரித்தோம்.

நாலு மணிக்கு ராத்தா வந்து எங்கள் கூடத்துக் கதிரையில் இருந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அப்பா வாசலில் நின்றார். தங்கச்சி அலுமாரிக்குள் போனாள். இந்த முறை போனைத் தள்ளி வைத்தோம். நான் காட்சியை ஓட்டினேன்.

அவள் கத்தினாள். மெல்லிசாக இல்லை, ஸ்வீட்டாக இல்லை. அடிவயிற்றில் இருந்து, வெளிச்சவீட்டின் அத்தனை படியும் இறங்கி வந்தவள் மாதிரி.

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பொய் என்று தெரிந்திருந்தும் ராத்தா எழும்பி நின்றார். தேத்தண்ணி நிலத்தில் ஊற்றுப்பட்டிருந்தது. பொய் என்று தெரிந்திருந்தும் அப்பாவின் கை கதவுக்குப் பின்னால் தொங்கிய பையில் இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். அன்றைக்குப் பிறகு அம்மா, மெல்லக் கதை என்று அவளுக்குக் கை காட்டி நான் காணவில்லை.

தங்கச்சி ஒரே ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்பினாள்: இதுதான் என் குரல், இதைவிட மெல்லிசாக என்னால் ஏலாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தும் பதில் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகும் இல்லை. நான் மற்றப் பெட்டையைக் கீச்சுக்குரல்காரி என்று திட்டத் தொடங்கியிருந்தேன். பின்னேரம் போன் கத்தியது. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு குரல் செய்தியை அழுத்தினாள்.

"சிஸ்டர், லேட்டுக்கு சாரி. டீம்ல எல்லாரும் கேட்டோம். அந்த இன்னொரு பொண்ணுக்கும் போட்டுக் காட்டினேன். அவங்களே சொல்லிட்டாங்க, இத இந்த அக்காதான் பண்ணணும், நான் பண்ணா யாரும் ஓட மாட்டாங்கன்னு. மெல்லிசா வேணும்னு கேட்டது எங்க தப்பு. மத்த எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் அனுப்பட்டுமா?"

அந்தப் பெட்டையை நான் திட்டியதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டேன். நல்ல பிள்ளை, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தங்கச்சி என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தேன். அவள் எழும்பி, முற்றத்தைக் கடந்து, படலையடிக்குப் போனாள். ஞாயிறு பின்னேரம், ஒழுங்கையில் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ராத்தா! எனக்குத்தான் தந்திருக்கினம்!"

முன்வீட்டுக் குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"கேட்டிச்சு மகள்" என்றார் ராத்தா உள்ளே இருந்து. "எனக்குக் கேட்டிச்சு."